தீர்த்தகிரியின் ஆராய்ச்சிப் பெட்டி

பாலக்கோட்டுச் சந்தைக்கு ஆராய்ச்சிப் பெட்டி வந்ததோ இல்லையோ, கோயிலிலும் சர்ச்சிலும் கூட்டம் குறைந்துவிட்டது. உலகத்தில் அச்சான அத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளும் டெல்லியில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றனவாம்; அதோடு இந்தப் பெட்டிக்கு நேரடித் தொடர்பாம். பெட்டியை வைத்துப் பொடி விற்கும் தீர்த்தகிரி சொன்னார், ஊர் நம்பியது. ஒயர் தந்திக் கம்பம் வரை போகிறதே, வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கேள்வியைச் சீட்டில் எழுதிப் போட்டால் பல்பு மினுக்கும். பெட்டியை ஒட்டிக் கட்டிய திரைக்குப் பின்னே டக்டக்கென்று சத்தம் கேட்கும். பதில் தாளாக வந்து விழும். இந்துக்கள் தேங்காய் உடைத்தார்கள், கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள். விஞ்ஞானத்துக்கு இரண்டு மரியாதையும் கிடைத்தது!

வியாகுலத்துக்குத் தக்காளித் தோட்டம்தான் உயிர். அது நின்ற நிலையிலேயே வாடிக்கொண்டிருந்தது. பெட்டி சொல்லும் பொடியை வாங்குவதற்காக உழவு மாட்டை விற்கவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். மாட்டைக் கேட்டிருந்தால் அதுகூட வேண்டாம் என்றிருக்கும்.

"இருங்க, மொதல்ல நான் ஒண்ணு கேட்டுப் பாக்கறேன்" என்றாள் அவன் மனைவி பாக்கியமேரி. 'சாலம்மாள் வாடல் நோய்க்கு என்ன மருந்து?' என்று எழுதினாள்.

வியாகுலம் சீட்டைப் பிடுங்கப் போனான். சாலம்மாள் அவன் மாமியார். பக்கத்தில்தான் வெற்றிலை மென்றுகொண்டு நிற்கிறார்.

"அடிப்பாவி, யாரு பேர எழுதற? பெட்டி கோவிச்சுக்கப் போவுது!"

பெட்டி கோபிக்கவில்லை. தாள் விழுந்தது. தீர்த்தகிரி கணீரென்று படித்தார்: "சாலம்மாள் வாடல். அமெரிக்காவில் டாக்டர் ஜான்சன் கண்டுபிடித்தது. தலை சாயும், தண்டு சுருங்கும். நமது பொடியே மருந்து."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வியாகுலமும்தான்.

"அந்த டாக்டரு எழுதுனது எந்தப் புத்தகத்துல அச்சாயிருக்குதுங்க?" என்று கேட்டாள் பாக்கியமேரி.

"அதெல்லாம் டெல்லியில இருக்குதும்மா. உனக்குப் புரியாது."

"வேளாண்மை ஆபீசருக்குப் புரியுமுங்க. புத்தகத்துப் பேரையும் வருசத்தையும் சொல்லுங்க, தேடி எடுக்கச் சொல்றேன்."

தீர்த்தகிரி அவசரமாக அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினார்.

"அப்படி ஒரு நோயே கெடையாதுங்க. அது எங்கம்மா பேரு!"

சாலம்மாள் வெற்றிலையைத் துப்பினார். "ஏண்டா, எனக்காடா தண்டு சுருங்குது?" என்று திரையைப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே தீர்த்தகிரியின் மச்சான் டைப்ரைட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். டெல்லி அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வெட்கத்தில் தலை குனிந்த வியாகுலம், வாடிய செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனான். வாடல் நோய் பற்றிய ஆராய்ச்சி அங்கே அலமாரியில், எழுதியவர் பெயரோடு, தூசி படிந்து கிடந்தது. ஆபீசர் படித்துச் சொன்னபடி செய்ததில் பாதித் தோட்டம் பிழைத்தது. மீதிப் பாதி, பெட்டியை நம்பிக் காத்திருந்த நாட்களுக்குப் பலி.

'எங்கே, காட்டு' என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன ஐயா, வாயா வலித்துவிடும்?