தண்ணி இன்னும் ஜில்லுனுதான் இருக்கு

மூன்றாவது முறையும் பொத்தானை அழுத்தினார் மாப்பிள்ளை. ஹீட்டர் டிக் டிக்கென்று ஆசை காட்டிவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. தீ பற்றவில்லை.

புதிதாகக் கட்டிய வீட்டின் பின்பக்கம், நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்குகிற கேஸ் ஹீட்டர் அது. நேற்று அதை மாட்டிவிட்டுப் போனவர், ஹீட்டர் கடை வைத்திருக்கும் மாமனார். பற்றவைத்துக் காட்டும் வேலையை மட்டும் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்திருந்தார்.

"ஒரே ஒரு ஹீட்டரை, நான் பக்கத்துல இல்லாம பத்த வச்சுட்டு வாங்க மாப்பிள்ளை. அடுத்த மாசமே நீங்களும் எம்பொண்ணும் தனிக்குடித்தனம் போகலாம்" என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து மாமனாரின் குறட்டைக்கு ஒரே ஒரு சுவர் தள்ளிப் படுத்திருக்கும் மனிதருக்கு இது லேசுப்பட்ட விஷயமா? மனைவி வாடகைக்கு வீடே பார்த்து வைத்துவிட்டாள்.

ஹீட்டர் அறையை ஒட்டி ஒரு பச்சைத் துணி மறைப்பு. அதற்கு அந்தப் பக்கம்தான் குளம். சளப், சளப்பென்று யாரோ நீந்துகிற சத்தம். நடுநடுவே சிரிப்பு.

"ஆச்சாங்க?" மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கு."

"இதோ ஆச்சும்மா!" என்று சொல்லிவிட்டு மாமனாருக்குப் போன் போட்டார்.

"மாமா, பத்த மாட்டேங்குது."

"கேஸைத் திறந்தீங்களா?"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். திறக்கவில்லை. "அதெல்லாம் அப்பவே திறந்தாச்சு மாமா" என்று சொல்லிக்கொண்டே திறந்தார்.

இப்போது டிக் டிக்கும் நின்றுபோனது. 'தண்ணீர் ஓட்டம் இல்லை' என்று சிவப்பு எழுத்து மின்னியது.

"பில்டர் அடைச்சிருக்கும். கழட்டிப் பாருங்க."

கழற்றினார். உள்ளே ஒரு தூசி இல்லை, பொட்டு ஈரம் இல்லை. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திருப்பி மாட்டியபோது மூடி படக்கென்று விரிசல் விட்டது. பம்பு வேறு கழுத்தை நெரித்த மாதிரி கத்த ஆரம்பித்தது.

"என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல மாமா, காத்து."

"குளத்துல தண்ணி விட்டாச்சான்னு பாத்தீங்களா?"

"தண்ணியா? ஆளுங்க குளிச்சுக்கிட்டே இருக்காங்க மாமா!"

"அதுக்குள்ளயா? எட்டிக்கிட்டிப் பாத்துடாதீங்க! தலையே அந்தப் பக்கம் திரும்பக் கூடாது!"

மாமனார் கடையின் முதல் சட்டம் அது. குளத்தில் ஆள் இருந்தால் வேலைக்காரன் கண் சுவரில்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"எதையும் நோண்டாதீங்க. நானே கிளம்பி வர்றேன்" என்றார் மாமனார்.

இவர் வந்து பற்றவைத்தால் தனிக்குடித்தனம் அம்போ!

தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும் சுவிட்ச் ஒன்று ஹீட்டருக்குள் இருந்தது. காதால் கேட்கிற தண்ணீரை இல்லை என்று சாதிக்கிறதே இந்தச் சனியன்! அதன் ஒயர் இரண்டையும் பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கினார்.

முறுக்கும்போதே நீந்துகிற சத்தம் நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றது. அந்தப் பக்கம் நிறைய பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் பட்டது. பிடரியில் சில்லென்று காற்று ஊதியது. மறைப்புத் துணி மட்டும் ஆடவே இல்லை. மாப்பிள்ளைக்குப் பயம்தான். இருந்தாலும் மாமனார் பயம் அதைவிடப் பெரிது.

பொத்தானை அழுத்தினார். குப்பென்று பற்றிக்கொண்டது!

"மாமா! பத்திடுச்சு! நீங்க வரவே வேணாம்!"

"நீங்க சொன்னா நான் நம்பணுமா? குளிக்கிறவங்க சொல்லட்டும்."

மாப்பிள்ளை போனை மறைப்பின் பக்கம் நீட்டினார். "அம்மா, நீங்களே சொல்லுங்கம்மா."

"அப்பாடா..." குரல் அவர் காதோரத்தில் கேட்டது. "இப்பதான் இதமா இருக்கு."

உடம்பெல்லாம் புல்லரிக்கப் போனைக் காதில் வைத்தார். "கேட்டுச்சா மாமா?"

"என்ன கேட்டுச்சா? உங்க குரலுக்கப்புறம் ஒரு சத்தமும் வரலையே. இருங்க, தெருமுனைக்கு வந்துட்டேன்."

அதற்குள் ஹீட்டரிலிருந்து கருகல் வாடை கிளம்பியது. உள்ளே செம்புக் குழாய் சிவந்துகொண்டிருந்தது. அலறியடித்துக்கொண்டு அணைத்தார். அணைத்து என்ன பயன்? புது ஹீட்டர் கரிக்கட்டையாகிவிட்டது.

ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். பற்றவைத்தது பற்றவைத்ததுதானே? சாட்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே இருக்கிறது. மாமனார் வந்தால் அந்த அம்மாளையே சொல்லச் சொன்னால் போகிறது.

வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது. தோளில் ரப்பர் குழாயோடு உள்ளே வந்த டிரைவர், போகிற போக்கில் பச்சைத் துணியை ஒரே இழுப்பில் ஒதுக்கிவிட்டுத் திரும்பினார்.

"வண்டி வழியில படுத்துருச்சுண்ணே, அதான் லேட்டு. குளத்துல சிமெண்டு நல்லா காஞ்சிருக்கு. முதல் லோடு தண்ணியை விட்டுரலாமா?"