முன்னறைச் சுவர்

மலேசியாவின் குவாலா திரெங்கானுவில் சுக்ரியைப் போல ஓர் ஓவியர் இதுவரை பிறந்ததில்லை. இதைச் சொன்னவர் சுக்ரிதான். நில அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே, இருபத்துநாலு வண்ணங்கள் கொண்ட பெட்டி ஒன்றும், தண்ணீர் பட்டால் கரையும் பென்சில்கள் ஒரு டப்பாவும் வாங்கிவந்தார். வீட்டில் தூரிகை கழுவாத காப்பிக் கோப்பை ஒன்றுகூட மிச்சமில்லை. ஒருநாள் கழுவின தண்ணீரையே காப்பி என்று குடித்துவிட்டு, இன்றைக்குச் சர்க்கரை கம்மி என்றார்.

இவ்வளவு பெரிய கலைஞருக்குச் சொந்தமாக ஒரு சுவர் வேண்டாமா? முன்னறையில் வெளிச்சம் விழுகிற சுவர் ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் மனைவி கல்தோம் தீட்டிய பாத்திக் துணி சட்டம் போட்டுத் தொங்கியது. அவள் பட்டறையில் சேர்ந்த வருஷம் மெழுகால் கோடிழுத்து, சாயம் நிரப்பிச் செய்த முதல் செம்பருத்தி. இருபத்தாறு வருஷமாக அதுதான் அவள் தொழில். இப்போதும் பின்கட்டில் மெழுகுச் சட்டி காயாத நாள் கிடையாது.

"தோம், அந்தப் பூவைச் சமையல்கட்டுக்கு மாத்திடலாம். கலைக்கு இடம் குடுக்கணும்ல."

"கலை எங்க இருக்கு அபாங்? நேத்து நீங்க வரைஞ்ச கத்திரிக்காயா?"

"அது படகு."

கணவரை மரியாதையாக அபாங் என்றே கூப்பிடும் கல்தோம் சண்டை போடவில்லை. நகர நூலகத்தில் கண்காட்சிக்குப் படம் கேட்டிருக்கிறார்கள், அதில் தேறுகிற படத்துக்கு இந்தச் சுவரை விட்டுத்தருகிறேன் என்றாள். தேறாத படம் எதுவும் இந்தச் சுவர்ப் பக்கம் வரக்கூடாது. சுக்ரி உடனே சம்மதித்தார். மனுவையும் அவளே நிரப்பி நீட்டினாள். மூக்குக் கண்ணாடி எங்கேயோ வண்ணப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. தேடப் பொறுமையில்லாமல் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று முப்பது வருஷம் ஊரையே விரட்டிய அதே கைதான்.

படகு வரையத் தொடங்கினார். அந்த ஊர்ப் படகுகளின் முகப்பில் இருக்கிற கொக்குச் சிற்பத்தை இறகு இறகாகப் பென்சிலால் இழைத்தார். வானத்துக்கு நீலம் பூசத் தூரிகையை நனைத்ததும் கொக்கு கரைந்து வானத்தோடு போயிற்று. நாலு தாள், நாலு கொக்கு. ஐந்தாவது கொக்கும் போனபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குக் கல்தோம் சந்தைக்குப் போயிருந்தாள். தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனவர் நின்றுவிட்டார். சிறு தீயில் மெழுகு உருகியபடியே இருந்தது. பக்கத்திலேயே மெழுகை மொண்டு இழுக்கிற, மூக்கு வைத்த செப்புப் பேனா. கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு, புதிய தாளில் கொக்கை வரைந்து, இறகுகளின் மேல் மெழுகால் கோடிழுத்தார். பிறகு நீலத்தை வாரி இறைத்தார். கொக்கு அசையவில்லை.

படம் தேறியது. தேர்வாளர்கள் கொக்கின் முன்னால் நின்று வியந்தார்களாம். சுக்ரிக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்து வீட்டு சே மாட் வந்து, எப்படி இப்படி என்று கேட்டதற்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். மெழுகு என்பது என்ன, அது தண்ணீரை எப்படித் தடுக்கும், எல்லாம் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். கல்தோம் இருவருக்கும் வறுத்த மீன் அப்பளம் வைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சே மாட் போனதும் சுக்ரி ஸ்டூலில் ஏறிச் செம்பருத்தியைக் கழற்றினார்.

"அபாங், எதை மாட்டப் போறீங்க?"

"என் படத்தை. கண்காட்சி முடிஞ்சதும் வந்துடும்."

"அது வராதே அபாங்."

மனுவின் நகலைக் கொண்டுவந்து காட்டினாள். ஏழாவது பத்தி. தேறுகிற படங்கள் நூலகத்துக்கே சொந்தம், திருப்பித் தரப்படாது. கீழே அவருடைய கையெழுத்து, வால் சுழித்து அழகாக இருந்தது.

"சரி, அடுத்த படம் வரைஞ்சு மாட்டறேன்."

"தேறாத படம் இங்க ஏறாது. தேறின படம் வீட்டுக்கு வராது. நீங்க ஒத்துக்கிட்டதுதானே?"

சுக்ரி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவர் போனால் போகட்டும், படம் ஜெயித்ததே, அந்த யோசனை முழுக்கத் தன்னுடையதுதானே என்று தேற்றிக்கொண்டார். அதை வாய்விட்டும் சொன்னார்.

கல்தோம் செம்பருத்தியைப் பழைய ஆணியிலேயே மாட்டி, தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"கோடு நல்லாத்தான் இழுத்திருந்தீங்க. எனக்கே பெருமையா இருந்துச்சு," என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன் அபாங். இந்த இருபத்தாறு வருஷத்துல, ஒரு நாளாவது அடுப்பை அணைக்காம நான் சந்தைக்குப் போயிருக்கேனா?"