காமாலை வராத மருமகன்

வாங்க சாமி, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். வாரமெல்லாம் ஓடிய காலை நீட்டிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு ரெண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று போன ஒரு மனிதர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

ஜெகதீஸ்வரன் ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தார். அதற்குள் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி ஓடி வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இப்பத்தான் இந்த அத்தை ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதா சாமி?"

ஜெகதீஸ்வரனுக்கு அத்தையே கிடையாது. அம்மா அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். விடுதியில் படித்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்து, முதலாளி என்று பெயர் எடுத்தவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் விடுமுறை எடுத்ததில்லை. மூன்று மாதமாகச் சரியான தூக்கமும் இல்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சௌந்தர்யாதான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பண்ணை வீடு ஒண்ணு புக் பண்ணிட்டேன்ப்பா. எதுவும் கேக்காதீங்க. அம்மாவும் நீங்களும் போங்க. அங்க இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரத்துக்கு வந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. மேப் நின்ற இடத்தில் ஒரு கேட் திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

அவர் ரிசப்ஷனைத் தேடினார். ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள் என்று சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார். அங்கே ஓர் எருமை நின்றிருந்தது. அது ஒன்றும் கேட்கவில்லை.

"ஏனுங்க," என்று மனைவி மைதிலி காதோடு சொன்னாள், "ஊடு மாறி வந்துட்டமாட்ட இருக்குது. சொல்லிப்போட்டுக் கெளம்பலாமுங்க."

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேராக ஒரு சொம்பு மோர் வந்தது. நம் பக்கத்தில் வந்தவரை யாரென்று கேட்பதற்கு முன்னால் வாயை நனைத்துவிடுவார்கள் அல்லவா? அவரும் வெயிலில் வந்த தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டார். ஒரு சொம்பு மோரைக் குடித்து முடித்துவிட்டு, "அம்மா, நீங்கள் யார்?" என்று எப்படிக் கேட்பது? அங்கேதான் மாட்டினார்.

"மூணு வருசத்துக்கு முந்திப் புது ஊட்டுக்குப் பால் காய்ச்சுன அன்னைக்கு வந்தியா நீயி?" ஜானகியம்மாள் என்ற அந்த அத்தை கண்ணைத் துடைத்தாள். "பந்தியில உனக்குன்னு ஒரு எலை போட்டு வச்சிருந்தேன். ஒருத்தரையும் அதுல உக்கார உடல. சாயங்காலம் வரைக்கும் அந்த எலை அப்படியே காஞ்சு கெடந்துது."

"ஆமாமா," என்றார் பக்கத்தில் நின்ற அவள் கணவர் மருதாசலம். "நான் உக்காரப் போனேன். என்னையுமே எந்திரிக்கச் சொல்லிட்டா."

காய்ந்து கிடந்த அந்த இலையை நினைத்ததும் ஜெகதீஸ்வரனுக்கு என்னவோ செய்தது. தான் போகாத பந்திதான், தனக்குப் போடாத இலைதான். ஆனாலும் குற்றம் செய்தவர் மாதிரி தலை குனிந்தது. ஏதாவது சொல்லிச் சமாதானம் பண்ணிவிட்டு நழுவிவிடலாம் என்று நினைத்தார்.

"அன்னைக்கு உடம்புக்கு முடியலீங்க அத்தை."

"ஐயோ! உடம்புக்கு என்ன சாமி?"

"மஞ்சக்காமாலைங்க."

வாயில் வந்ததைச் சொன்னார். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். விதி.

அரை மணி நேரத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் வீட்டைத் தூக்கியது. மைதிலியின் இலையில் குழம்பு, வறுவல், ஈரல். ஜெகதீஸ்வரன் இலையில் உப்பில்லாத மோர்ச் சோறு. பக்கத்தில் ஒரு டம்ளரில் பச்சையாக அரைத்த கீழாநெல்லி.

"காமாலை வந்து மூணு வருசம் ஆச்சுங்க அத்தை."

"முப்பது வருசம் ஆனாலும் அந்த ஒடம்புக்கு எண்ணெய் ஆகாது. மூச்சப் புடிச்சுக் குடி."

குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மைதிலி எலும்பைக் கடித்தபடி, "உண்மையச் சொல்லுங்களேன்," என்று கிசுகிசுத்தாள்.

"நீ மொதல்ல அந்தக் கோழிய எனக்குத் தெரியாத மாதிரி தின்னு," என்றார்.

அவருக்கு இன்னொரு கவலை. தன் பெயர் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அந்த மருமகனின் பெயரைத்தான் சொல்கிறேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மருதாசலத்திடம் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க மாமா, சின்ன வயசுல அத்தை என்னைய எப்படிக் கூப்பிடுவாங்க?"

"சாமின்னுதான்."

"அது எல்லாத்தையும் அப்படித்தானுங்களே கூப்பிடுவாங்க? எருமையக் கூட இப்ப அப்படித்தான் கூப்பிட்டாங்க."

"எருமையும் பாசமா இருக்குதில்ல," என்று மாமா புரண்டு படுத்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருந்தது. அங்கேயும் யாரோ ஓர் அம்மாள் யாரையோ பிடித்து அழுதுகொண்டிருந்தாள். மலையடிவாரத்துச் சனங்களுக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "பட்டறையில அவசர வேலைங்க, கெளம்பறோம்," என்றார்.

ஜானகியம்மாள் விருட்டென்று எழுந்தாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் கையில் நோட்டோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்த சண்முகப்பிரியா என்ற பெண் மட்டும் வந்து, "பெரியம்மா இனிச் சாப்பிட மாட்டாங்க சார்," என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.

அப்புறம் எங்கே கிளம்புவது? தங்கிவிட்டார்கள். தங்கியதற்குத் தண்டனையாக ராத்திரிக்கும் மோர்ச் சோறு. "இத்தனை எளச்சுப் போய்ட்டியே, பட்டறை பட்டறைன்னு ஒடம்பக் கெடுத்துக்கிட்டியே, உன்னையக் கேக்க ஆளில்லைன்னு நெனச்சியா" என்று அத்தை திட்டத் திட்ட, அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், எட்டரை மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார். விடிந்து ஏழு மணிக்குத்தான் எழுந்தார்.

எழுந்ததும் மருதாசலம் ஒரு குண்டைப் போட்டார். "இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஒறம்பரை வருது சாமி."

ஜெகதீஸ்வரன் பல் துலக்குவதை நிறுத்தினார். உறவுக்காரர்கள் என்றால் யார்? நிஜ மருமகனாக இருந்தால்? எல்லார் முன்னாலும் அந்த அம்மாள் முகம் என்ன ஆகும்? "இவனுக்காகவா இத்தனை அழுதேன்" என்று நினைத்தால் அவள் மனசு தாங்குமா? அதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

"அத்தை, ஒரு விசயம் சொல்லோணுங்க."

"சொல்லு சாமி. உறவு உட்டுப் போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

"உறவு எங்கீங்க உட்டுப் போகுது, ஆனா..."

"அப்ப உம்பட பொண்ணை என்ற பேரனுக்குக் குடு!"

அவர் அந்த 'ஆனா'வை முடிப்பதற்குள் கவின் என்ற இளைஞன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். பின்னாலேயே தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மல்லிகைச் சரம். இத்தனையையும் எப்போது அடுக்கினார்கள் என்றே தெரியவில்லை.

மைதிலி பதறிப்போய்த் தானும் ஒரு பொய்யை எடுத்து வீசினாள். "எங்க பொண்ணு ஒரு பையனை லவ் பண்றாளுங்க!"

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கவின் தூணில் சாய்ந்து மல்லிகைச் சரத்தையே பார்த்தான். மருதாசலம் சட்டையை மாட்டிக்கொண்டு, "பையன் எந்த ஊரு? வண்டிய எடு கவினு, போய்ப் பேசி முடிச்சுப்போட்டு வந்தர்லாம்," என்று கிளம்பியே விட்டார்.

"ஐயோ, வேண்டாமுங்க மாமா, அது சும்மா சொன்னதுங்க!" என்றாள் மைதிலி.

"சும்மா சொன்னதா? அப்ப பையன் இல்லையா? அப்பத் தாம்பாளத்த வாங்கிக்க."

இதற்கு மேல் தாங்காது என்று ஜெகதீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டார்.

"அத்தை! நான் உங்க மருமவனே இல்லீங்க!"

எருமை கூட அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஜானகியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிச் சொல்ற அளவுக்கு இந்த அத்தை மேல கோவமா சாமி?"

அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கத்து அழுகையே அடங்கிப்போகும்படி ஓர் அழுகை வந்தது. மருதாசலமும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நம் ஆள் என்ன செய்வார், பாவம்? விழுந்தடித்து அவள் காலைத் தொட்டார். "இல்லீங்க அத்தை, மருமவன்தானுங்க. உங்க மருமவனேதானுங்க. பொங்கலுக்கு வாரேன். ஆடிப் பதினெட்டுக்கு வாரேன்." சொல்லிக்கொண்டே தாம்பாளத்தையும் வாங்கிவிட்டார்.

அத்தை அழுகையை நிறுத்தினாள். அவர் தலையில் கை வைத்தாள். "ரெண்டு நாள்ல மொகம் எப்படித் தெளிஞ்சிருச்சு பாரு. இனி ஒடம்பக் கெடுத்துக்கிட்டீன்னா பட்டறைக்கே வந்து திட்டுவேன்."

ரெண்டு பலாப்பழமும் ஒரு பை கீழாநெல்லியும் காரில் ஏறின.

கேட்டை நோக்கிக் கார் மெதுவாக ஊர்ந்தது. மைதிலி மடியில் தாம்பாளம்.

"ஓய்வெடுக்க வந்து பொண்ணை நிச்சயம் பண்ணிட்டுப் போறோம்," என்றாள். "சௌந்தர்யாகிட்ட என்னத்தச் சொல்றதுங்க? அவ புக் பண்ணுன எடத்துக்கு நாம போகவே இல்ல. அதுக்கு மேல அவளுக்கு மாப்பிள்ளையும் பாத்தாச்சு."

"எனக்கும் அதான் பயமா இருக்குது," என்றார் அவர். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா அந்த அம்மா மனசு ஒடையல பாத்தியா," என்றார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வாசலில் அத்தை இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார்.

கேட்டருகே சண்முகப்பிரியா நோட்டும் கையுமாக மூச்சு வாங்க ஓடி வந்து காரை மறித்தாள்.

"ஒரு நிமிசங்க சார், அந்தத் தாம்பாளத்த மட்டும் குடுத்துட்டுப் போயிருங்க, மூணு மணிக்கு அடுத்த மருமவன் வாராரு; அப்புறம் உங்க அத்தைக்கு எத்தனை ஸ்டாருன்னு மறக்காமப் போட்டுருங்க, ஏன்னா உங்க பொண்ணு புக் பண்றப்பவே எழுதியிருந்தாங்க, 'அப்பாவுக்கு நீச்சல் குளமெல்லாம் வேண்டாம், உரிமையா ஒருத்தர் திட்டுனாப் போதும், தூங்கிருவாரு'ன்னு."

கேட்டீர்களா சாமி? உங்கள் வீட்டுப் பந்தியிலும் எப்போதும் ஓர் இலை கூடுதலாக விழட்டும். அதில் உட்கார ஆளும் வந்து சேரட்டும். படுத்ததும் தூக்கம் வரும்படி உங்களைத் திட்ட, வீடு நிறைய உரிமைக்காரர்கள் நூறு வருஷம் நல்லபடியாக இருக்கட்டும்.