லாபத்தைப் பின்பக்கமாகப் பார்த்தவர்

தர்மபுரி மாவட்டத்திலேயே எதையும் முன்பக்கத்திலிருந்து பார்க்கத் தெரியாத ஒரே ஆள் கடைசிப்பக்கம்தான். நாங்கள் வேலை பார்த்த ஆடிட்டர் அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். தொப்பூரில் சாப்பிடப் போனால், பின்னால் போய்ப் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார். கம்பெனிகளின் ஆண்டறிக்கையிலும் பளபளப்பான முதல் பக்கங்களைத் தொடமாட்டார். கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் வருமான வரிக் குறிப்புதான் அவருக்கு விருந்து.

அவர் வேலைக்கு வரும்வரை அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் பங்குச்சந்தைப் பேச்சுக்கு நான்தான் ராஜா. வந்த பிறகு டீ மாஸ்டர்கூட என் டீயில் தண்ணீரையும் அவர் டீயில் ஏலக்காயையும் போட ஆரம்பித்தார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரு கம்பெனியின் லாபம் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகியிருந்தது. லாபத்தோடு ஒப்பிட்டால் பங்கு விலை கொள்ளை மலிவு. வீடு கட்டுவதற்காக மனைவி தன் மனையை விற்று வைத்திருந்த பணத்தை அதில் போடப்போவதாக டீக்கடையில் அறிவித்தேன்.

"வரிக்கு முன்னாடி லாபம் எவ்வளவுன்னு பாத்தீங்களாங்க?" என்றார் கடைசிப்பக்கம்.

"லாபம்னா லாபந்தானுங்களே!" என்றேன்.

"அது கொறஞ்சிருக்குதுங்க. பழைய நஷ்டத்தைக் காட்டி, வரப்போற வருசங்கள்ல வரி மிச்சமாகும்னு சொல்லி, அந்த மிச்சத்தை இப்பவே லாபத்துல ஏத்திட்டாங்க. தலைதீபாவளிச் சீரை மாசச் சம்பளம்னு நெனச்சு மாப்பிள்ளைக்கு வெலை போடுவீங்களா?"

கடையே சிரித்தது. வீட்டுக்குப் போனால் மனைவியும், "அந்த அண்ணன் என்னங்க சொன்னாரு?" என்றுதான் கேட்டாள். கேட்டவள் பணத்தைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

அந்தப் பங்கு சில மாதம் ஏறியபோது, நான் சொன்னதுதான் பலித்தது என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் போண்டா வாங்கிக் கொடுத்தேன். மறுவருடக் கணக்கில் சீர் வரவில்லை. லாபம் சுருங்கியது, பங்கும் படுத்துவிட்டது. என்னைப் பார்த்தபோதெல்லாம் கடைசிப்பக்கம், "தீபாவளி எப்பங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பணம் தப்பியது, வீடு எழுந்தது. கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் வாசல் வழியாக வந்தார்கள். அவர் மட்டும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், "வூடு நல்லாருக்குது, சாக்கடைக் குழாய்க்குத்தான் தண்ணி ஓட வாட்டம் பத்தாதுங்க" என்று என் மாமனார் காதுபட அறிவித்தார். மாமனார் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டார். குறையை எடுத்துச் சொல்லும்படி கேட்டது என்னையல்ல, கடைசிப்பக்கத்தைத்தான்.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அன்று பந்தியில் அவருக்கு மட்டும் தலைவாழை இலையாகப் பார்த்து நானே போட்டேன். வேறு யாரையும் பரிமாற விடவில்லை.