நான்காம் மாடியில் நம் வழக்கு

மதிப்பிற்குரிய அண்ணனும், இருபத்திரண்டு வருடமாக நடந்துவரும் சந்து வழக்கின் பிரதிவாதியுமான தங்களுக்குத் தம்பியும் வாதியுமான நான் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் சுகம். தங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டியதில்லை. சுவர் வழியாக வரும் இருமலை வைத்து நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்று தெரிந்துகொண்டேன். வக்கீல் கையெழுத்தில்லாமல் நமக்குள் போகும் முதல் கடிதம் இது. ஆகையால் எங்காவது 'மேற்படியார்' என்று வந்துவிட்டால் மன்னிக்கவும், கை பழகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே பதினெட்டு அங்குலம்தானே, எதற்குத் தபால் என்று கேட்பீர்கள். அந்தப் பதினெட்டு அங்குலம் கோர்ட்டின் பொறுப்பில் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு காகிதம் நீட்டினாலும் தப்பாகிவிடும் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை எனக்கு ஒரு அதிர்ச்சி ஏற்பட்டது. உங்கள் தம்பி மகள் சட்டக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பது எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது, அது பின்னால் வருகிறது. எதைப்பற்றிம்மா ஆராய்ச்சி என்று நான் ஒருமுறை கேட்டதற்குத் தாமதத்தைப் பற்றி என்றாள். பஸ் தாமதம் போலிருக்கிறது, நாட்டுக்கு நல்லதுதான் என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை. போன வாரம் அவளே வந்து, கல்லூரியில் ஆய்வு மையங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள், நீங்கள் வர வேண்டாம் அப்பா என்றாள். வர வேண்டாம் என்றால் போகாமல் இருப்பவனா நான்? இஸ்திரி போட்ட சட்டையோடு பத்து மணிக்கே வாசலில் நின்றேன். கழுத்தில் 'பார்வையாளர்' என்று ஒரு அட்டையை மாட்டி, 'எங்கள் ஆய்வு வலிமைகள்' என்று வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்லி மாடிப்படியைக் காட்டினார்கள்.

சட்டக் கல்லூரி என்றால் கறுப்புக் கோட்டு போட்டு வாதாடக் கற்றுக்கொடுக்கும் இடம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அங்கே பதினொரு மையம் இருக்கிறது அண்ணே. ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு இயக்குநர், ஒரு துணை இயக்குநர், ஒரு டீ கெட்டில். முதல் மாடியில் கடல் சட்ட மையம். எந்தக் கப்பல் எந்தக் கப்பலை இடித்தால் யார் பொறுப்பு என்று அரைமணி நேரம் அழகாக விளக்கிய பேராசிரியர், கப்பலில் போயிருக்கிறீர்களா என்று கேட்டதும் முகம் வெளிறி, படகைப் பார்த்தாலே தனக்குக் குமட்டும் என்றார். இரண்டாம் மாடியில் விண்வெளிச் சட்ட மையம். நாற்பது வருடம் நிலத்தை அளந்த சர்வேயர் என்ற முறையில், சந்திரனில் மனை யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்தேன். அங்கே யாருக்கும் சொந்தமில்லை, எவரும் வேலி போடக்கூடாது, நாடுகளெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டன என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஒரு சர்வேயருக்கு வேலை இல்லை. மூன்றாம் மாடியில் என்ன மையம் என்று எனக்குத் தெரியாது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார மட்டும் செய்தேன்.

நான்காம் மாடியில்தான் நம் பிள்ளை இருக்கும் இடம். 'நீண்டகால வழக்குகள் ஆய்வு மையம்' என்று பலகை. தாமதம் என்றால் இந்தத் தாமதமா என்று எனக்கு அங்கேயே சுருக்கென்றது. உள்ளே பதினைந்து இருபது பேர் கூடி நிற்க, பேராசிரியை அம்மா ஒருவர் குச்சியால் சுவரைக் காட்டி ஒரு வழக்கை விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆளைச் சொல்லாமல் 'அ' என்றும் 'ஆ' என்றும் வைத்திருக்கிறார்கள். நூற்று நாற்பத்து மூன்று வாய்தா. ஒன்பது வக்கீல், அவர்களில் ஒருவர் காலமாகி, ஒருவர் நீதிபதியாகி, அதே வழக்கைத் தானே விசாரிக்க முடியாது என்று ஒதுங்கிக்கொண்டாராம். அவர்கள் சண்டை போடும் நிலத்தை இத்தனை வருடத்தில் உபயோகப்படுத்தியது ஒரே ஒரு பூனை என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணே. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்து, பக்கத்தில் நின்றவரிடம், உலகத்தில் இப்படியும் ரெண்டு முட்டாள்கள் உண்டா என்று கேட்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு வரைபடம் பெரிதாக ஒட்டியிருந்தது. வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்கு நான் மட்டும்தான் மீன்வால் போல ஒரு வால் போடுவேன். அந்த அம்புக்கு வால் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டத்துக்குப் பின்னால் நம் பிள்ளை சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் ஈயாடவில்லை. ஓடிவிடலாம் என்றால் நான்கு மாடி இறங்க வேண்டும். அதற்குள் ஒரு பெரியவர், இவங்க எதுக்குத்தான் கோர்ட்டுக்கு வராங்க என்று கேட்டுவிட்டார். பேராசிரியை குச்சியைக் கீழே வைத்தார்.

"அதைத்தான் நாங்க ஆராயறோம். வக்கீல் வந்தாலே போதும். ஆனா இவங்க ரெண்டு பேரும் ஒரு வாய்தாகூடத் தவறினதில்ல. ஒரே ஒரு தடவை 'ஆ'வுக்கு ஆபரேஷன். அன்னிக்கு வாய்தா தள்ளிவைக்கச் சொல்லி மனு போட்டது யாருன்னு நினைக்கறீங்க? 'அ'. பிரதிவாதிக்கு உடம்பு சரியில்லைன்னு வாதி போட்ட மனு. வேற எந்தக் கோப்புலயும் நான் இப்படிப் பார்த்ததில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் பக்கத்துக்காரர் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். அந்த அம்மா விடவில்லை. 'ஆ' மாதாமாதம் இரண்டாவது புதன்கிழமை வந்து மணிக்கணக்காகப் பேசிவிட்டுப் போவார், 'அ'வுக்கு நாலு கடிதம் போட்டும் பதிலே இல்லை என்றார். அந்த நாலும் என் மேஜையில் ஆடும் காலுக்கு அடியில் இருக்கின்றன, உங்கள் வக்கீலின் தந்திரம் என்று நினைத்துப் பிரிக்காமலே மடித்து வைத்தேன். ஆனால் நான் திகைத்தது அதற்கல்ல. இரண்டாவது புதன் தோறும் நீங்கள் பல் டாக்டரிடம் போவதாக அண்ணி என் மனைவியிடம் மொட்டைமாடியில் சொல்லியிருக்கிறார். (அவர்கள் தினமும் பேசிக்கொள்வது கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாம்.) இத்தனை புதன்கிழமைக்கு ஒரு மனிதனுக்கு எத்தனை பல் இருக்க முடியும் என்று நானே யோசித்திருக்கிறேன்.

கடைசியாக, 'ஆ' சொன்னதைச் சுவரில் ஒட்டியிருந்த தாளிலிருந்து அந்த அம்மா வாசித்துக் காட்டினார். அதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் சொன்னதுதானா என்று பாருங்கள்.

"அவன் அளந்தா நூல் பிசகாது. அளவு சரிதான், எனக்கு அன்னிக்கே தெரியும். தெருவுல நாலு பேர் முன்னால உன் டேப் உன் பக்கம்தான் நீளும்னு சொல்லிட்டேன். சொன்னதை எப்படி முழுங்கறது? அதான் கேஸை ஓட்டிட்டிருக்கேன்."

அண்ணே, அந்த ஒரு வார்த்தைக்காக இருபத்திரண்டு வருடம் கோர்ட்டு வராண்டாவில் காத்திருந்தேன். அது நான்காம் மாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் சேர்வதற்கு முன்பே இந்தக் கோப்பை எடுத்துவிட்டார்கள், வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பெரியப்பா வரும் நாளில் என்னை நூலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பெரியப்பா உங்க அளவு சரின்னு சொல்லிட்டார். இப்ப என்னப்பா பண்ணப் போறீங்க?"

தோற்றால் என்ன செய்வது என்று என் வக்கீல்கள் எல்லோரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜெயித்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு, அதை எழுதத்தான் இந்தக் கடிதமே. அளவு சரியில்லை அண்ணே. அன்று உங்கள் பக்கத்திலிருந்து அளக்க நான் பிடித்த டேப்பின் முனை தேய்ந்து ஒன்றரை அங்குலம் போயிருந்தது. வழக்குப் போட்ட மூன்றாம் வருடம் ஆபீசில் வேறு டேப்போடு சேர்த்துப் பிடித்தபோது கண்டுபிடித்தேன். அந்தச் சந்தில் ஒன்றரை அங்குலம் உங்களுடையது. நூல் பிசகாது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டபோது பேயறைந்தவன் போல ஆனேன். ஆகவே திங்கட்கிழமை வழக்கை வாபஸ் வாங்குகிறேன். சந்தைப் பார்த்து நாம் இரண்டு பக்கமும் ஆணியடித்து மூடிய ஜன்னல்களை நானே வந்து திறக்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இருமலுக்கு வெந்நீர் குடிக்கவும். வயதில் மூத்தவர், கோர்ட்டில் எதிரி என்றாலும் தங்கள் ஆசி எனக்கும் பிள்ளைக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி (வாதி)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது பிள்ளை வந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். வழக்கு முடிந்தால் கோப்பை மூடிவிடுவார்களாம், அப்புறம் உங்களுக்கும் புதன்கிழமை இல்லை. நானும் பேட்டி கொடுக்க வருவதாகப் பேராசிரியையிடம் வியாழக்கிழமையே ஒத்துக்கொண்டுவிட்டேன், என் புதன்கிழமையும் ஆரம்பிக்கும் முன்பே போய்விடும். ஆகவே வாபஸ் இல்லை, வழக்கு நடக்கும். ஜன்னல்கள் அப்படியே இருக்கட்டும். ஒன்றரை அங்குலம் பற்றிய பத்தியைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும், கோர்ட்டில் காட்டினால் மறுப்பேன். வரும் புதன் பத்தரை மணி பஸ்ஸில் நானும் வருகிறேன், எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள். யாருக்கு என்று பக்கத்தில் கேட்டால் தம்பிக்கு என்று சொல்லுங்கள். அதை மறுக்க மாட்டேன்.