தறி மீட்டருக்கு வெளிச்சம் குறைச்ச கதை

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு மீட்டர் இருந்துச்சாம். ராத்திரியானா அது கண்ணைக் கூசுமாம். அதோட வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கணும். அன்னிக்கு என் வேலை அவ்வளவுதான்.

ஊர் சூலூர். மீட்டர் நான் செஞ்சது. அப்பாவோட சிநேகிதர் குப்புசாமி மாமாவோட தறிக்குடோன்ல, தறி எத்தனை மீட்டர் துணி நெய்ஞ்சிருக்குன்னு நம்பர்ல காட்டுற பெட்டி. உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நாம எழுதிக் குடுத்த புரோகிராமை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்குற நாப்பது கால் சிப்பு. வெளியே டிஸ்ப்ளே. பின்னாடி வெளிச்சம் இல்லைன்னா எழுத்தே தெரியாத ரகம். பத்தாமப் போயிருமோன்னு நானே ரெண்டு பல்பு சேர்த்து வெச்சிருந்தேன்.

தறி ஓட்டுற ஆறுமுகண்ணன் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, லாரிக்கு எதுத்தாப்புல நிக்கிற மாதிரி இருக்குதுன்னு சொல்லிட்டார்.

சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணினா எல்லாத் தறிக்கும் நானே செஞ்சு தரலாம், இல்லாட்டி வேண்டாம்னு மாமா மரியாதையாச் சொன்னார். மாமா வேண்டாம்னா திங்கக்கிழமை மேட்டுப்பாளையத்துல பெரியப்பாவோட பாக்கு மண்டிக்குப் போயிரணும்னு அப்பா அதைவிட மரியாதையாச் சொன்னார்.

எனக்குப் பாக்கு மேல கோபம் ஒண்ணுமில்லை. ஆனா பெரியப்பா எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் பாக்கைப் பத்தி மட்டும்தான் பேசுவார்.

வெளிச்சம் குறைக்க ஒரு திருகு குமிழ் வெச்சிருந்தா போதும். ஆனா டிப்ளமா படிச்சவன் குமிழ் வெக்கலாமா? மீட்டரே பாத்து முடிவு பண்ணட்டும்னு தோணிருச்சு. மூடியோட நடு உச்சியில பொட்டுக்கடலை அளவுக்கு ஒரு ஓட்டை. அதுக்கு நேர் பின்னாடி, வெளிச்சத்தை உணர்ற ஒரு குட்டி சென்சார்.

சுத்தி வெளிச்சமா இருந்தா பல்பு நல்லா எரியும். மங்கலானா, சிப்பு பல்பைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அணைச்சு அணைச்சுப் போடும். பாக்கறவங்களுக்கு வெளிச்சம் குறைஞ்சாப்புல இருக்கும். கும்மிருட்டுன்னா குடோன்ல ஆளே இல்லைன்னு அர்த்தம், மொத்தமா அணைஞ்சிரும். இந்தக் கடைசி ஏற்பாடு யாரும் கேக்காதது. என் சொந்த அறிவு.

சனிக்கிழமை காலையில கொண்டுபோய் மாட்டினேன். பளிச்சுன்னு எரிஞ்சுது. சென்சார் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடலை. சாயங்காலம் லைட்டை அணைச்சுக் காட்டி எல்லாரையும் அசத்தலாம்னு நெனைப்பு. அந்த நெனைப்போட டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தா மீட்டரோட நெத்தியில பெருசாச் சந்தனம், நடுவுல குங்குமம். மாமா ஊட்டு சரோஜா அத்தை, குடோனுக்குள்ள புதுசா எது வந்தாலும் பொட்டு வெக்காம விட மாட்டாங்க. தறி, மோட்டார், தண்ணி டிரம் எல்லாத்துக்கும் உண்டு. அங்க பொட்டு இல்லாம இருந்தது நான் ஒருத்தன்தான்.

பொட்டு இருந்துச்சு. டிஸ்ப்ளேதான் இல்லை. கரியாட்டம் இருந்துச்சு.

மூடியைக் கழட்டினேன். எரிஞ்சுது. மாட்டினேன். அணைஞ்சுது. மறுபடி கழட்டினேன். எரிஞ்சுது. படிச்ச படிப்பை எல்லாம் கூட்டி யோசிச்சு, மூடி எங்கியோ உரசி ஷார்ட் ஆகுதுன்னு கண்டுபுடிச்சேன். உள்பக்கமா அட்டை வெட்டி ஒட்டினேன். மாட்டினேன். கரி.

மாமா பின்னாடி வந்து நின்னார். திட்டவே இல்லை. அதுதான் பயமா இருந்துச்சு.

"ஏனுங்க தம்பி, மேட்டுப்பாளையத்துக்குக் காலையில எத்தன மணிக்குங்க பஸ்சு?"

அத்தை மட்டும் என் பக்கம். புதுப் பொருளுக்குத் திருஷ்டி பட்டிருக்குன்னு எலுமிச்சம்பழம் சுத்தினாங்க. அதுக்குள்ள மாமா, அவங்க ஊட்டு டி.வி.யைத் தட்டற மாதிரி மூடி மேல ஓங்கி ஒரு தட்டு தட்டினார். காஞ்ச சந்தனம் பொலபொலன்னு உதிர்ந்துச்சு.

எரிஞ்சுது.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பெருமையாப் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தருக்குத் தட்டினதுல எரிஞ்சுது, இன்னொருத்தருக்கு எலுமிச்சம்பழத்துல. எனக்கு மட்டும் கண்ணு, சந்தனம் உதிர்ந்து தெறந்திருந்த ஓட்டை மேல போச்சு. எங்க ஊர்ல எந்த மிஷினுக்கும் நடு உச்சி யாருக்குச் சொந்தம்னு தெரியாமயா வளந்தேன்? அங்க போயி ஓட்டை போட்டிருக்கேன்.

அத்தை அதுக்குள்ள புதுச் சந்தனம் குழைச்சுட்டு வந்துட்டாங்க. உங்க பொட்டாலதான் அணைஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? அதுவும் என் மெல்லிசுக் குரல்ல? தறிச் சத்தத்துல எனக்கே கேக்காது.

"அத்தை, கொஞ்சம் கீழ வெக்கலாமுங்களா?"

"நெத்தியில வெக்காம கால்லயா வெப்பாங்க கண்ணு?"

ரெண்டு நிமிசம் பொறுங்கன்னு கெஞ்சி, மூடியைக் கழட்டி, சென்சாரோட ரெண்டு காலையும் ஈயம் வெச்சு ஒண்ணா ஒட்டிட்டேன். இனி சிப்புக்கு எந்நேரமும் நடுப்பகல். ஓட்டைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அதுக்குத் தெரியாது.

அத்தை பொட்டு வெச்சாங்க. எரிஞ்சுது. மாமா மூஞ்சி தெளிஞ்சுது. குடோன் கதவைச் சாத்தி லைட்டை அணைச்சுட்டு ஆறுமுகண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர் கையை வெச்சுக் கண்ணை மறைச்சுக்கிட்டார்.

"லாரி திரும்ப வந்துருச்சுங்க."

பாக்கு வாசம் என் மூக்கு வரைக்கும் வந்துருச்சு. அத்தைக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. இத்தனை சோதனை பண்ணின பொருளுக்கு வெறும் பொட்டு பத்தாதுன்னு, விபூதியைத் தண்ணியில குழைச்சு, டிஸ்ப்ளே கண்ணாடி மேல மூணு விரல்ல பட்டையா ஒரு இழுப்பு இழுத்தாங்க.

விபூதி காஞ்சுது. ஆறுமுகண்ணன் கையை எறக்கினார். கிட்டப் போய்ப் பாத்தார், தள்ளி நின்னு பாத்தார். நம்பரும் தெரியுது, கண்ணும் கூசலைன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனார். அத்தை தட்டை எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போனாங்க.

மாமா என் தோள்ல கை போட்டார். எல்லாத் தறிக்கும் இதே மாதிரி செஞ்சு போடச் சொன்னார். வாசல் வரைக்கும் போனவர் ஏதோ ஞாபகம் வந்து திரும்பினார்.

"தம்பி, மேல அந்த ஓட்டை எதுக்குங்க? பஞ்சு பூந்துரும். அடுத்ததுல அது வேண்டாமுங்க."

சொல்லிட்டுப் போயிட்டார்.