படம் போடுகிற வேலை

ஆனையூர், மதுரை
12.8.2003

பெருமதிப்பிற்குரிய அண்ணன் பேயாண்டி அவர்களின் சமுகத்திற்கு, தங்கை மாயக்காள் பணிவுடன் எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம். சமயநல்லூரிலும் அவ்வாறே என நம்புகிறேன். மறுமொழி தாமதமானதைப் பொறுத்தருள வேண்டும். மகள் ரோகிணியின் பதவிக்குத் தகுந்த தமிழ்ச்சொல் கிட்டாமல் பேனாவைத் தொடுவதில்லை என்றிருந்தேன். கிட்டிவிட்டது: கல்வித் தொழில்நுட்ப வல்லுநர். ஐந்தாம் வகுப்போடு நின்று, நூலகத்தில் தானே படித்துத் தேறிய இத்தங்கை கண்ட சொல் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

"காலேஜ்ல படம் போடுற வேலைதானத்தா, விட்டுட்டு வரச் சொல்லு, அப்பறம் நம்ம அழகுபாண்டிக்கு முகூர்த்தம் பாப்போம்" என்று தாங்கள் தொலைபேசியில் கூறியபோது எனக்கும் பாதிச் சம்மதமே. முறைமாப்பிள்ளையை இழக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆயினும் விடப்போகும் வேலையை ஒருமுறை கண்ணால் காண்போமென்று மகளின் கல்லூரிக்குச் சென்று கடைசி பெஞ்சில் அமர்ந்தேன். விலங்கியல் பேராசிரியர் ராஜகுரு புத்தகம் முழுவதையும் திரையில் காட்டுவதற்காகக் கணினியில் ஏற்றி வந்திருந்தார். நம் பெண்ணோ, "சார், இம்புட்டையும் பாத்தா பிள்ளைக தூங்கிரும். ஒரு கேள்வி மட்டும் போடுங்க" என்றாள். அத்தனை பெரியவர் மறுபேச்சின்றி அழித்தார், அண்ணா. தவளையின் தோல் காய்ந்தால் அதற்கு மூச்சு முட்டுவது ஏன் என்ற கேள்வி திரையில் வந்தது, வந்த வேகத்தில் மின்சாரம் போய்விட்டது, சன்னலெல்லாம் கறுப்புத் துணி, குடும்ப மானமே இருண்டதெனக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதுக்குத்தான் நுரையீரல் இருக்குல்லடா?"

"அது பத்தாது மாப்ள, தோல்லயும்ல மூச்சு விடுது."

"நீ தவளையா இருந்து பாத்தியாக்கும்?"

இருட்டுக்குள் வகுப்பே வழக்காடியது. "மெஷின் போச்சேம்மா" என்றார் பேராசிரியர். "மெஷின்தான சார் போச்சு, பாடம் நடக்குதுல்ல" என்றாள் ரோகிணி. மின்சாரம் போன பிறகே அவள் வேலை எதுவென்று எனக்கு விளங்கிற்று. வேறிரு கல்லூரிகளும் அவளை அழைத்துள்ளன. ஆகவே அவள் பணி தொடரத் தாங்கள் மனமுவந்து இசைய வேண்டுமென்று மன்றாடுகிறேன். மதினிக்கு என் வணக்கம், மருமகனுக்கு ஆசிகள்.

தங்கள் அன்புத் தங்கை,
மாயக்காள்

பி.கு.: இதைப் படித்த ரோகிணி, "அம்மா, இம்புட்டையும் மாமா படிக்க மாட்டாரு. ஒரு கேள்வி மட்டும் போடுங்க" என்கிறாள். எனவே மேற்கண்ட யாவையும் எழுதப்படாதவையாகக் கொள்க. அவள் கேட்கச் சொன்னது இதுவே: "கல்யாணத்துக்கு நான் வேலைய விடணும்னா, மச்சான் எதை விடப்போறாரு?" விரைவில் பதில் எழுதவும்.